மஞ்சள் படாத கரை

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அம்மா பொன்னியம்மாள் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மற்றபடி வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அங்கே பினாங்கில் வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்டு முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா போனை வாங்கிக்கொண்டு ஆட்டோ கதையை ஆரம்பித்துவிடுகிறார், நீயும் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறாய். தணிகாசலத்தின் மகள் அடுத்த வாரம் உங்கள் ஊருக்குத்தான் வேலைக்கு வருகிறாள், அவள் பெட்டியில் வடகமும் மோர்மிளகாயும் வைத்திருக்கிறேன், கூடவே இந்தக் கடிதமும் வரும். நம் குட்டையைப் பற்றி உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும், நடுவில் யாரும் பிடுங்காமல் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது குட்டைக்கரையில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா. இன்னாம்மா இந்த நாத்தம், பேசாம மூடிட்டு மண்டபம் கட்டிக்கினு போவட்டும் என்று சொன்னாய். நீ ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உன் அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நீ விமானம் ஏறிப் போன கொஞ்ச நாளில் குடியரசு தினத்துக் கிராம சபை வந்தது. குட்டைக்கு மேலே நிலம் வைத்திருக்கும் மாணிக்கவேல், இப்போது அவர் வார்டு மெம்பர் வேறு, எழுந்து நீ சொன்னதையே சொன்னார். கரகத்துக்கே கேன் தண்ணி வாங்கிக்கினு வர்றீங்க, அப்புறம் குட்டை இன்னாத்துக்கு, மூடிட்டா ஊருக்கு ஒரு மண்டபமாவது ஆவும் என்றார். மாணிக்கவேல் மட்டும் சொல்லியிருந்தால் உன் அப்பா சண்டைக்குப் போயிருப்பார். பெற்ற மகள் வாயிலிருந்தே அதைக் கேட்டுவிட்டு வந்தவர், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

கேன் தண்ணீர்க் கதை நீ ஊரில் இல்லாதபோது நடந்தது, அரைகுறையாகத்தான் உனக்குத் தெரியும். ஆடியில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை குட்டைக்கரையில்தானே கரகம் ஜோடிப்போம். நம் தெருத் தில்லையம்மாள் வேப்பிலையும் பூவும் கட்ட, உன் அப்பா அந்தச் செம்பை நிறைத்துத் தலையில் வைத்துக்கொண்டு பம்பைச் சத்தத்தோடு அம்மன் கோவிலுக்குப் போவார், பிறகு அந்தத் தண்ணீரை வீடு வீடாகத் தெளிப்பார்கள், குழந்தைகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் ஓடுவாய், யாராவது வழியில் நின்றால் உன் அப்பனுக்கு வழி விடச் சொல்லி அதட்டுவாய். அப்புறம் ஒரு வருஷம் தண்ணீர் தெளித்த குழந்தைகளுக்கெல்லாம் முகத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக வந்தது. அம்மன் கோபம் என்று சிலர் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் தண்ணீரில் கழனிக்கு அடிக்கிற மருந்து கலந்திருக்கிறது என்றார்கள். அடுத்த ஆடிக்குத் தில்லையம்மாளே கடையிலிருந்து தண்ணீர்க் கேன் வாங்கி வந்து செம்பில் ஊற்றினாள். கேன் தண்ணியை நான் தலையில தூக்க மாட்டேன் என்று உன் அப்பா காப்பைக் கழற்றி வைத்தவர்தான், அதற்குப் பிறகு வேறு யார் யாரோ தூக்கினார்கள். கூழ் வார்க்கிற அன்றைக்கு அவர் ஐயம்பேட்டைக்கு ஆட்டோ ஓட்டப் போய்விடுவார், சாமி கும்பிடக்கூட நிற்க மாட்டார்.

அந்த மருந்து எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் மாணிக்கவேல் கழனியில் களை எடுத்தவள். காலையில் குனிந்தால் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் நிமிர்வோம். முடிந்ததும் நேராகக் குட்டைக்குத்தான் போவோம், இடுப்பளவு தண்ணீரில் நின்றால் முதுகுவலி எங்கே போனது என்றே தெரியாது. நீ பிறந்த பிறகு உன்னையும் தூக்கிக்கொண்டு போவேன். படியில் உட்கார வைத்துக் காலை மட்டும் நனைத்துவிடுவேன், கெண்டைக் குஞ்சுகள் வந்து உன் காலைக் கொத்தும், நீ அம்மா கடிக்குது அம்மா கடிக்குது என்று ஊரைக் கூட்டுவாய், தூக்கினால் திரும்பவும் இறக்கிவிடச் சொல்லி அழுவாய். உன் அப்பா கரையில் நின்று சிரிப்பார், சில நாள் தானும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, யார் காலை முதலில் கடிக்கிறது பார்க்கலாம் என்று உன்னோடு பந்தயம் கட்டுவார். அந்தச் சிரிப்பை நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கழனி வேலை எனக்கு இனிக்கவில்லை, அதை ஒன்றும் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தக் குட்டையில் கழுவிய உன் கால் மட்டும் என் கையிலேயே இருக்கிறது.

பிறகு நாங்கள் எல்லோரும் களை எடுப்பதை விட்டோம். சிலர் கம்பெனி பஸ் ஏறினார்கள், நான் பட்டுத் தறிக்கு இராட்டையில் நூல் தார் சுற்றப் போனேன், நீங்கள் எல்லாம் படித்தீர்கள். ஆள் கிடைக்காத நிலக்காரர்கள் களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்தார்கள். வரப்புப் புல் வெந்த மாதிரி மஞ்சளாகிப் போனது, கழனியில் நின்ற தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குட்டைக்கு வந்தது. முதலில் மீன் மிதந்தது, அப்புறம் தவளைச் சத்தம் நின்றது, தண்ணீரில் செத்தது அழுகி நாற்றம் பிடித்தது. இதைத்தான் கிராம சபையில் நான் எழுந்து சொன்னேன். மாணிக்கவேல், களை எடுக்க ஆளை அனுப்பு பொன்னி, நான் மருந்து அடிக்கல என்றார். எனக்கு வந்ததே கோபம். நாங்க நிமிர்ந்ததுக்கு இதான் கூலியா, நானும் குனிய மாட்டேன், எம் பொண்ணும் குனிய மாட்டா, உங்க மருந்தை உங்க கழனியிலயே வெச்சிக்கினு இருங்க என்று கேட்டுவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் மெம்பர் ஆச்சே, விட்டுக்கொடுப்பாரா. சரி, அடுத்த வருஷ ஆடி வரைக்கும் பார்க்கலாம், குட்டைத் தண்ணியில கரகம் எடுத்தா குட்டை இருக்கட்டும், இல்லன்னா மண்டபம்தான் என்று எல்லோர் எதிரிலும் சொல்லி உட்கார்ந்தார்.

வாய் பேசிவிட்டேன், வழி தெரியவில்லை. நம் மகளிர் குழுவில் சிப்பிக் காளான் வளர்க்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் தேவிப்ரியா மேடம். விவசாய ஆராய்ச்சியில் இருக்கிறார், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவர், பேச்சில் அதிகாரம் கிடையாது. அறுவடை முடிந்த காளான் பைகளை நாங்கள் வேலியோரம் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்து, இதை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று கேட்டார். அந்த வைக்கோலில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிற பூஞ்சை களைக்கொல்லியையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடுமாம். குட்டைக்கு வாய்க்கால் வந்து சேருகிற இடத்தில் புறம்போக்கு ஒரு துண்டு கிடக்கிறதே, அங்கே முதலில் அந்த வைக்கோலைப் பரப்பி, அதை அடுத்து மணலும் ஜல்லியும் போட்ட பாத்தி கட்டி, அதில் வெட்டிவேரும் கல்வாழையும் சம்பங்கோரையும் நட்டால், தண்ணீர் மெதுவாக அதற்குள் ஊறி, வேரோடு பழகி, சுத்தமாகி உள்ளே வரும் என்றார். வேரிலும் ஒரு நல்ல பூஞ்சை வேண்டும், வேம் என்று இங்கிலீஷில் பெயர், பொடியாகக் கிடைக்கிறது. வேருக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் அது நூல் விட்டுக்கொண்டு போகும், செடி நஞ்சுத் தண்ணீரிலும் தாக்குப் பிடிக்கும். அவர் படத்தில் காட்டினார், நம் ஊரில் தறியில் பாவு தீர்ந்ததும் பழைய நூலின் முனையோடு புது நூலை முறுக்கி இணைப்பார்களே, அந்த மாதிரி வேரும் பூஞ்சையும் ஒன்றாகிக் கிடந்தது. இது எனக்கு உடனே புரிந்துவிட்டது, உன் அப்பாவுக்குத்தான் காளானுக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம் என்று ஒரு வாரம் ஆனது.

பைகளில் வேம் கலந்த மண் போட்டு நாற்று வைத்தோம், தில்லையம்மாள் வீட்டுக் கொல்லையில் நிழல் இருந்ததால் அங்கேயே வரிசையாக அடுக்கினோம். அவள் பொறுப்பாகத் தண்ணீர் ஊற்றினாள். வாய்க்கால் முனையில் வைக்கோல் பரப்பி, பாத்தி கட்டி நடவு செய்தோம், கொஞ்ச நாள் பச்சையாக இருந்தது, அப்புறம் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நுனி கருகிப் போனது. நல்லாகிவிட்டது என்று நினைத்து உன் அப்பா ஏரியிலிருந்து மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டிருந்தார், அவ்வளவும் வெள்ளையாக மிதந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தேவிப்ரியா மேடம் வேரை எடுத்துக்கொண்டு போய்ச் சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து, வேரில் பூஞ்சையே இல்லையே, நாற்றுக்கு ஏதாவது மருந்து ஊற்றினீர்களா என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்றோம். தில்லையம்மாள் மட்டும் நிதானமாக, மருந்து இன்னாத்துக்கும்மா, அம்மன் குட்டைக்குப் போற செடி, செவ்வாய் வெள்ளி தவறாம மஞ்சத் தண்ணியும் வேப்பிலைத் தண்ணியும்தான் ஊத்திக்கினு வந்தேன் என்றாள். மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சளும் வேம்பும் பூஞ்சையை அடக்கும், நீங்கள் பக்தியாக ஊற்றியது அதை எழும்ப விடவில்லை என்றார். தில்லையம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது, ஆனால் வாய் விடுமா. பூஞ்சக்காளான் வரக்கூடாதுன்னுதான காலம்பூரா மஞ்ச பூசிக்கினு இருக்கிறோம், இப்போ அதுதான் நல்லதுன்னா நான் இன்னா பண்றது என்று கேட்டாள். மேடம் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம், சிரித்து முடித்ததும் ஆடி நினைவு வந்து, கருகினதைப் பிடுங்கிப் போட எழுந்தோம். மழைக்காலம் வேறு பிறந்துவிட்டது, உன் அப்பா, விடு பொன்னி, ஜோதி சொன்ன மாதிரி மூடட்டும் என்று சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதேன், இப்போது சொல்கிறேன்.

மழை விட்டதும் மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை நாற்றுப்பை நம் வீட்டுப் பக்கம், தில்லையம்மாள்தான் காவல். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வருகிற பெண்களைக்கூடக் கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொன்னாள், வேடிக்கையாக இருந்தது. தை மாதம் நட்டோம். மாணிக்கவேல் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் தேவிப்ரியா மேடம் அவரிடம் போய், மருந்து அடித்த பிறகு ஒரு வாரமாவது மடையைத் திறக்காமல் தண்ணீரைக் கழனியிலேயே நிறுத்துங்கள், பாதி நஞ்சு அங்கேயே போய்விடும், உங்கள் களையும் நன்றாகச் சாகும் என்று சொன்னார். அந்தப் பட்டத்துக்கு மருந்து அடித்ததும் அவரே மண்வெட்டியோடு வந்து மடையை அடைத்துவிட்டுப் போனார். பங்குனி வெயிலில் கல்வாழை சிவப்பாகப் பூத்தது, வைக்கோலில் சிப்பிக் காளானும் கொத்துக் கொத்தாக முளைத்தது. உன் அப்பா மிளகு போட்டு வறுக்கலாம் என்று பறித்துக்கொண்டே வந்துவிட்டார். நஞ்சு குடித்து வளர்ந்ததைத் தின்றால் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கவே வேண்டியிருக்காது என்று திட்டி, குழி தோண்டிப் புதைக்க வைத்தேன். அந்தப் பாத்தியில் வெட்டுகிற தழையையும் மாட்டுக்குப் போடக்கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

சித்திரையில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், நான் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது குட்டைப் பக்கம் ஒரு தவளை கத்தியது. ஒன்றே ஒன்றுதான். இராட்டையை நிறுத்திவிட்டேன், திரும்பக் கத்துமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கத்தியது. உன் அப்பா மறுபடியும் வாளியில் மீன்குஞ்சு கொண்டுவந்தார், ஷேர் ஆட்டோவில் ஏறினவர்கள் மடியில் மாற்றி மாற்றி வாளியைக் கொடுத்துக் கூரத்து ஏரியிலிருந்து ஓட்டிவந்திருக்கிறார். விட்டாரே தவிர, அதற்குப் பிறகு குட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மிதக்கிறதா என்று என்னைத்தான் பார்த்துவரச் சொல்வார். மிதக்கவில்லை, ஆனால் கண்ணுக்கும் படவில்லை.

ஆடிக்கு முன்னால் மேடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார். நஞ்சு நிறையக் குறைந்திருக்கிறது, குளிக்கலாம், தெளிக்கலாம், குடிக்க மட்டும் கூடாது என்று சொன்னார். காகிதத்தில் நல்லது என்று வந்தாலும் பிள்ளைகள் மேல் தெளிக்கிற தண்ணீர் ஆச்சே, எங்களுக்குப் பயம் போகவில்லை. உன் அப்பா காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்தார். கூழ் வார்க்கிற அன்றைக்குக் கரையில் ஊரே கூடியிருந்தது, மாணிக்கவேலும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். வழக்கமாகத் தண்ணீர் ஓரத்தில்தான் செம்புக்கு மஞ்சள் பூசி ஜோடிப்போம். தில்லையம்மாள் தட்டை மேலே கரை மேட்டிலேயே வைத்துவிட்டு, எல்லாம் இங்க, கீழ ஒரு சொட்டு மஞ்ச படக்கூடாது, வேர் இருக்குது, தண்ணியை மேல கொண்டாந்தப்புறம் நான் பார்த்துக்கறேன் என்று எல்லோரையும் விரட்டினாள். நம் ஊருக்கு இப்படி ஒரு புதுச் சாங்கியம் வந்துவிட்டது.

உன் அப்பா வெறும் செம்போடு படி இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் போய் நின்றவர் நின்றவர்தான், குனியவும் இல்லை, நிறைக்கவும் இல்லை. பம்பைக்காரர்கள் அடித்து ஓய்ந்து அவரையே பார்த்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது, மாணிக்கவேல் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இவர் மனசு மாறிவிட்டாரா, தண்ணீரில் ஏதாவது கெட்டது தெரிகிறதா, மயக்கமா என்று நான் புடவையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும், பொன்னி, இங்க வந்து நில்லு, கடிக்குதா பாரு, மீனு காலைச் சுத்திக்கினு இருக்குது, எனக்குக் கால்ல ஒண்ணும் தெரியல என்றார். சர்க்கரை வந்ததிலிருந்து அவருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கிறது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடக்கிறார், உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் கணுக்காலில் ஒரு கொத்து, விரலில் ஒரு கொத்து. கடிக்குதுய்யா என்றேன். நல்லா பார்த்துச் சொல்லு என்றார். நல்லாத்தான் கடிக்குது, உம் பொண்ணு காலைக் கடிச்ச மாதிரியே கடிக்குது என்றேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மனுஷன் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார், பிறகுதான் குனிந்து செம்பை நிறைத்தார். கரகம் நம் தெருவுக்கு வந்தபோது தில்லையம்மாள் முதலில் தன் பேரப்பிள்ளை தலையில் தெளித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தெளித்தாள். இன்றுவரை எந்தப் பிள்ளைக்கும் ஒரு தடிப்பும் வரவில்லை. மண்டபத்துக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று மாணிக்கவேலே சொல்லிவிட்டுப் போனார்.

நீ போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினாயே, அங்கே பெரிய கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருக்க, சின்ன மீன்கள் வந்து கொத்துகின்றன, நீயும் உன் சிநேகிதிகளும் கத்துகிறீர்கள். உன் அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை, நீ கத்துவதைக் கேட்டார். நான் ஒன்றும் உன்னைக் குறை சொல்லவில்லை, நாறிய தண்ணீரை நாறுகிறது என்றுதான் சொன்னாய். ஆனால் லீவு கிடைத்ததும் ஒரு முறை வா. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் குட்டைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடு. முகத்துக்கு ஏதேதோ மஞ்சள் கிரீம் பூசுகிறாயே, அன்றைக்கு மட்டும் பூசாமல் வா, தில்லையம்மாள் கரையிலேயே நிறுத்திவிடுவாள். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கடிக்கிறதா இல்லையா என்று இனிமேல் அவருக்கு நீதான் சொல்ல வேண்டும்.

அப்பாவின் காலைத் தினமும் துடைத்து எண்ணெய் தடவிவிடுகிறேன், கவலைப்படாதே, உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தனியாக இருக்கிற பெண், பார்த்து நடந்துகொள், கூட இருக்கிறவர்களிடம் கோபப்படாதே, உனக்கு என் வாய் வந்திருக்கிறது. மோர்மிளகாயைத் தயிர்சாதத்துக்கு மட்டும் தொட்டுக்கொள், வெறும் வயிற்றில் தின்னாதே. அம்மன் உன் காலுக்கு ஒரு முள்ளும் படாமல் காப்பாற்றட்டும், நீ நூறு வயசு நிறைந்து இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பிலேயே இருக்கும் அம்மா,
பொன்னியம்மாள்

உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, கால் மரத்துப்போன கதையை ஏன் எழுதினாய் என்று சண்டை போடுகிறார். எழுதின வரியை அடித்துவிட மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.